அம்மா காலில் 'ரத்தக்கட்டு' என்கிறார்கள்: நடக்கலாமா, உருவி விடலாமா, மாத்திரை எத்தனை மாதம்?

நீங்கள் எழுதியதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடக் கூடாது. அம்மாவுக்கு 56 வயது. பைப்ராய்டு கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. நாலு நாள் முன்னால் இடது கால் தொடை வரை வீங்கி, கெண்டைச்சதை கல் மாதிரி ஆகி வலித்திருக்கிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தொடைச் சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாயில்) ரத்தம் உறைந்திருப்பது தெரிந்து, ரிவராக்சபான் என்ற உறைவுத்தடுப்பு மாத்திரை 15 மி.கி. காலையும் இரவும் 21 நாள், அதற்கப்புறம் 20 மி.கி. ஒரு வேளை என்று எழுதிக் கொடுத்து, இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தை எண்ணெய் காய்ச்சி உருவி விடலாம் என்கிறார். பக்கத்து வீட்டில் காலை அசைக்காமல் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டில் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை அளவு 3000க்கு மேல் இருப்பதைப் பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள். கேட்டது ஏழெட்டுக் கேள்வி, ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இவ்வளவு ஆபத்தான விஷயத்துக்கு வெறும் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களே, ராத்திரி தூக்கத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ?

நான் பொது மருத்துவம் படித்தவன், இருபது வருடத்துக்கு மேல் இந்த மாதிரிக் கால்களைப் பார்த்து வருகிறேன். உங்கள் அம்மாவை நான் நேரில் பார்க்கவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது, எடை என்ன, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அவருடைய டாக்டருக்குத்தான் தெரியும், அதனால் நான் சொல்வதற்கும் அவர் சொன்னதற்கும் முரண்பாடு வந்தால் அவரிடம் கேளுங்கள். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். நீங்கள் எழுதியிருக்கும் மருந்தும் அளவும் இன்று உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதலில் கொடுப்பதுதான். கவனக்குறைவாக அனுப்பிவிடவில்லை. மூச்சுத் திணறல் இல்லாத, ரத்தக்கசிவு இல்லாத, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது இப்போது சாதாரண வழக்கம்.

குழப்பத்தில் பாதி அந்த 'ரத்தக்கட்டு' என்ற சொல்லால் வருகிறது. நம் ஊரில் ரத்தக்கட்டு என்றால் என்ன? விழுந்து அடிபட்ட இடம் கன்றிப்போய் நீலமாக வீங்குமே, அது. அதற்கு மூசாம்பரம் பற்றுப் போடுவோம், மஞ்சளும் உப்பும் அரைத்துச் சூடாகப் பூசுவோம், நீவி விடுவோம், நாலு நாளில் வடிந்துவிடும். அங்கே ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து தோலுக்கடியில் தேங்கியிருக்கிறது, அது எங்கேயும் போகப் போவதில்லை. அம்மாவுக்கு இருப்பது அது இல்லை. ரத்தம் குழாய்க்குள்ளேயே, ஓடுகிற ஓட்டத்தின் நடுவே, உறைந்து நிற்கிறது. அந்தக் குழாயின் மறுமுனை நுரையீரலில் இருக்கிறது. ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துவதால்தான் அத்தைக்கு எண்ணெய்க் கிண்ணம் நினைவுக்கு வருகிறது, அவர் மேல் தப்பில்லை. டாக்டர்கள் அவசரத்தில் 'ரத்தக்கட்டு' என்று சொல்லிவிட்டுப் போவதை நிறுத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். 'உறைவு' என்று சொன்னால் போதும், வீட்டில் யாரும் பற்றுப் போடக் கிளம்ப மாட்டார்கள். 'நரம்பு' என்ற சொல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது. வலியை உணர்கிற நரம்பும் நரம்புதான், ரத்தம் ஓடுகிற சிரையும் நரம்புதான். 'கால் நரம்பில் அடைப்பு' என்று கேட்டுவிட்டு நரம்புக்குச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும், பூமி அதைக் கீழே இழுக்கிறது. இதயம் காலுக்கு ரத்தத்தை அனுப்பிவிடும், திருப்பி ஏற்றுவதில் பெரிய பங்கு கெண்டைச்சதையுடையது. நாம் நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி உள்ளே இருக்கிற ஆழ்சிரைகளைப் பிழிகிறது, சிரைக்குள் இருக்கிற சின்னச் சின்ன வால்வுகள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கின்றன. படுத்தே கிடந்தால் இந்தப் பம்பு நின்றுவிடும், ரத்தம் தேங்கும். 19ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் இந்த நோயை ஆராய்ந்தார். அவர் பெயரால் இன்றும் மூன்று காரணங்களைச் சொல்கிறோம்: ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் அடிபடுவது, ரத்தமே உறையும் சுபாவம் கூடுவது. அம்மாவுக்கு மூன்றும் சேர்ந்து வந்திருக்கிறது. ஆபரேஷன் மேசையில் மயக்கத்தில் கால் அசையவில்லை, இடுப்புக்குள் இருக்கிற சிரைகளுக்குப் பக்கத்திலேயே கத்தி வேலை நடந்தது, காயம்பட்ட உடம்பு ரத்தப்போக்கை நிறுத்துவதற்காக உறையும் சக்தியைப் பல வாரம் ஏற்றியே வைத்திருக்கும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்து தையல் ஆறி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிற மூன்றாவது வாரத்தில் இது வருகிறது. இடது கால் என்பதும் தற்செயல் இல்லை. வலது காலுக்குப் போகிற தமனி (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகிற குழாய்) இடுப்புக்குள் இடது காலின் சிரைக்கு மேலே குறுக்கே ஓடி அதைக் கொஞ்சம் அமுக்குகிறது, எல்லோருக்குமே அப்படித்தான். அதனால் இடது காலில் இது கூடுதலாக வரும்.

இன்னொன்றையும் டாக்டரிடம் சொல்லியாயிற்றா என்று பாருங்கள். பைப்ராய்டால் அதிக உதிரப்போக்கு இருந்திருந்தால் ஆபரேஷனுக்கு முன்னால் மாதக்கணக்கில் நோரெத்திஸ்டீரோன் மாதிரி ஹார்மோன் மாத்திரையும், ரத்தப்போக்கை நிறுத்த டிரானெக்சாமிக் அமிலமும் சாப்பிட்டிருக்கலாம். முதலாவது உறையும் சுபாவத்தைக் கூட்டும், இரண்டாவது உறைந்ததைக் கரையவிடாது. மிச்சம் வீட்டு அலமாரியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். இதே ஹார்மோன் மாத்திரையைத்தான் கல்யாணம், கோயில் விசேஷம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிறார்கள். ஆரோக்கியமான பெண்ணுக்கு நாலைந்து நாளில் ஆபத்து மிகக் குறைவுதான், ஆனால் ஏற்கெனவே உறைவு வந்தவர்களோ, அம்மா மாதிரி இப்போது மருந்தில் இருப்பவர்களோ அதைத் தொடவே கூடாது.

'நெஞ்சுக்கு ஏறுமா' என்று கேட்டிருந்தீர்கள். உறைவின் ஒரு துண்டு கழன்றால் தொடையிலிருந்து இடுப்பு வழியாக வயிற்றின் பெரிய சிரைக்குப் போய், இதயத்தின் வலப்பக்க அறைகளைக் கடந்து, நுரையீரல் தமனியில் போய் அடைக்கும். இது மாரடைப்பு இல்லை, மாரடைப்பு இதயத்தின் சொந்தத் தமனியில் வருவது. ஆனால் பெரிய துண்டாக இருந்தால் மாரடைப்பைப் போலவே உயிரை எடுக்கும், அதில் சமாதானம் சொல்ல எதுவும் இல்லை. மருந்து கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது 1960இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்த ஒரு சின்ன ஆய்விலேயே தெரிந்துவிட்டது. பாரிட், ஜோர்டான் என்ற இருவர், நுரையீரலில் உறைவு அடைத்த நோயாளிகளில் 19 பேருக்கு உறைவுத்தடுப்பு மருந்து கொடுக்காமலும் 16 பேருக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். மருந்து இல்லாதவர்களில் ஐந்து பேர் அந்த உறைவாலேயே இறந்தார்கள், மருந்து பெற்றவர்களில் ஒருவர்கூட அதனால் இறக்கவில்லை. அதற்கு மேல் மருந்தை மறுப்பது தர்மமில்லை என்று அப்படியான ஆய்வே நின்றுபோனது. அவர்கள் கொடுத்தது ஹெப்பாரின் ஊசியும் அசெனோகுமரால் மாத்திரையும். நம் மருந்துக்கடைகளில் அசிட்ரோம் என்று கிடைக்கிறதே, அதே மருந்துதான். அம்மா சாப்பிடும் ரிவராக்சபானை 2010இல் சுமார் 3,400 கால் உறைவு நோயாளிகளிடம் பழைய சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். மருந்தில் இருக்கும்போதே மறுபடி உறைவு வந்தது 100க்கு 2 பேருக்கு, பழைய சிகிச்சையில் 3 பேருக்கு. பூஜ்யம் இல்லைதான். ஆனால் ராத்திரி விழித்து அம்மா மூச்சு விடுகிறாரா என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அளவும் இல்லை.

இந்த மாத்திரையை எல்லோரும் 'ரத்தத்தைக் கரைக்கிற மாத்திரை' என்கிறார்கள். அது எதையும் கரைப்பதில்லை. புதிதாக உறைவு சேராமல், இருப்பது நீளாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். இருக்கிற உறைவை உடம்பே பிளாஸ்மின் என்ற நொதியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும், மிச்சம் தழும்பாகிக் குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் 'மாத்திரை போட்டு ஒரு வாரம் ஆகியும் வீக்கம் வடியவில்லை, மருந்து வேலை செய்யவில்லை' என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். வலி ஓரிரு வாரத்தில் குறையும், வீக்கம் வடிய பல வாரம், சிலருக்குச் சில மாதம் ஆகும்.

முதல் 21 நாள் மிக முக்கியம், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும், 20 மி.கி. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் ஏறும். ஆபரேஷனுக்குப் பிறகு பசியில்லை என்று அரை டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு மாத்திரை போடுகிறவர்கள் நிறைய, அம்மா அப்படிச் செய்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டு வேளை போடுகிற இந்த மூன்று வாரத்தில் காலை மாத்திரை மறந்துபோனால் நினைவு வந்ததும் போடலாம், அன்றைக்கு மொத்தம் 30 மி.கி. சேர வேண்டும் என்பதற்காக இரண்டையும் ஒன்றாகப் போட்டாலும் சரிதான். ஒரு வேளைக்கு மாறிய பிறகு அந்த விதி கிடையாது: அன்றைக்கே நினைவு வந்தால் போட வேண்டும், மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. 22ஆம் நாளுக்கான 20 மி.கி. அட்டையை இப்போதே வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் ஸ்டாக் இல்லை என்பதால் மூன்று நாள் மருந்தில்லாமல் இருந்து, வீக்கம் இடுப்பு வரை ஏறி வந்த ஒருவரை எனக்கு மறக்க முடியவில்லை.

உருவி விடுவது வேண்டவே வேண்டாம். எண்ணெய், தைலம், சூடான ஒத்தடம் எல்லாம் அந்தக் காலுக்கு இப்போது ஆகாது. காலை அமுக்கி நீவிய பிறகு உறைவு கழன்று நுரையீரலுக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எத்தனை பேருக்கு ஒருவருக்கு அப்படி ஆகும் என்பதற்குக் கணக்கு கிடையாது, ஆனால் லாபம் துளியும் இல்லாத காரியத்துக்கு அந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்? அத்தைக்கு அம்மா மேல் பிரியம், ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு. அவரிடம் வேறு வேலை கொடுங்கள்: மாத்திரை வேளையைப் பார்த்துக்கொள்வது, சாயங்காலம் அம்மாவோடு சேர்ந்து நடப்பது.

ஆமாம், நடக்கலாம். என் ஆசிரியர்கள் காலத்தில் இந்த நோயாளிகளைப் பத்து நாள் கட்டிலை விட்டு இறக்க மாட்டார்கள், நடந்தால் உறைவு கழன்றுவிடும் என்ற பயம். பிறகு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், மருந்தை ஆரம்பித்துவிட்டு நடக்க வைத்தவர்களுக்கு நுரையீரல் அடைப்பு கூடவில்லை, வலியும் வீக்கமும் சீக்கிரம் குறைந்தன. அசையாமல் படுப்பதுதான் இந்த நோயை வரவழைத்த காரணங்களில் ஒன்று, அதையே சிகிச்சையாகச் சொல்வது நியாயமில்லை. வீட்டுக்குள், அப்புறம் தெருவில், வலி விடுகிற அளவுக்கு. உட்காரும்போது காலைத் தொங்கப்போடாமல் ஸ்டூலில் வைக்கட்டும், படுக்கும்போது இரண்டு தலையணை காலுக்கடியில், விழித்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். முதல் சில வாரம் நீண்ட பஸ் பயணம் வேண்டாம். வயிற்றுத் தையலுக்காகக் கனமான பாத்திரம் தூக்க வேண்டாம் என்று அறுவை டாக்டர் சொல்லியிருப்பார், அது தனி, அதையும் கடைப்பிடிக்க வேண்டும்.

இனி எதைப் பார்த்தால் யோசிக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும் என்பது. திடீர் மூச்சு வாங்கல், மூச்சை இழுக்கும்போது விலாவில் குத்துகிற வலி, இருமலில் ரத்தம், எழுந்ததும் மயங்கி விழுவது, உட்கார்ந்திருக்கும்போதே படபடவென்று துடிப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் கேஸ் டிரபிள் என்று சோடா வாங்கிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். கால் முழுக்க நீலம் பாய்ந்து தாங்க முடியாத வலி வந்தாலும் அதே அவசரம், அப்போது காலையே இழக்கிற ஆபத்து உண்டு. மருந்தின் பக்கவிளைவான ரத்தக்கசிவுக்கு அடையாளங்கள் வேறு: தார் மாதிரிக் கறுத்த மலம், சிறுநீரில் ரத்தம், தலையில் அடிபடுவது (வெளியே காயம் இல்லாவிட்டாலும்), அம்மா விஷயத்தில் முக்கியமாகப் பிறப்புறுப்பு வழியாக ரத்தப்போக்கு. கர்ப்பப்பை எடுத்த இடத்தின் உள்தையல் இன்னும் முழுக்க ஆறியிருக்காது, இந்த மாத்திரையில் இருக்கும்போது அங்கே கசியலாம். லேசான கறை என்றால் அன்றைக்கே மகப்பேறு டாக்டருக்குப் போன் பண்ணுங்கள், நாப்கின் நனைகிற அளவு என்றால் ஆஸ்பத்திரி. பல் தேய்க்கும்போது ஈறில் துளி ரத்தம், இடித்த இடம் கன்றுவது இதெல்லாம் இந்த மருந்தில் சகஜம், அதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது.

மருந்துக்கடையில் முட்டிவலி, கால்வலிக்கு என்று கொடுக்கிற டைக்ளோபினாக், ஐபுப்ரோபென், அசிக்ளோபினாக் எதுவும் வேண்டாம், ரிவராக்சபானோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால் இடுப்பில் ஊசி போடவிடாதீர்கள், தசைக்குள் ரத்தம் தேங்கி ஆரஞ்சுப் பழம் அளவு வீங்கிவிடும். காசநோய்க்குக் கொடுக்கிற ரிபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கிற பெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவை இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும், அம்மாவுக்கு அப்படி ஏதும் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். கீரை சாப்பிடலாமா என்ற கேள்வி வார்பரின், அசிட்ரோம் என்ற பழைய உறைவுத்தடுப்பு மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கானது. அவர்களும் முருங்கைக்கீரையை அறவே விட வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டு ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் அளவை 2க்கும் 3க்கும் நடுவே வைத்துக்கொண்டால் போதும். ரிவராக்சபானுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பூண்டுப் பால், இணையத்தில் விற்கிற நாட்டோகைனேஸ் என்ற சோயா நொதி மாத்திரை எல்லாம் தொடைச் சிரை உறைவுக்குச் சிகிச்சை ஆகாது. இதயத்துக்குக் கொடுக்கிற ஆஸ்பிரினும் இதற்கு மாற்று இல்லை.

டி-டைமர் 3000 என்ற எண்ணைப் பற்றி. அது உடம்பில் எங்கேயோ உறைவு உருவாகிக் கரைகிறது என்பதன் தடயம் மட்டுமே. ஆபரேஷன் ஆன யாருக்கும் பல வாரம் ஏறித்தான் இருக்கும், காய்ச்சலில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும். அந்தப் பரிசோதனையின் பயன் எதிர்ப்பக்கத்தில்தான்: சந்தேகம் குறைவாக இருக்கிறவருக்கு அது குறைவாக வந்தால் உறைவு இல்லை என்று நிம்மதியாக அனுப்பலாம். போதாததற்கு லேபுக்கு லேப் இரண்டு விதமான அலகில் அச்சிடுகிறார்கள், ஒன்று மற்றதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டாப்ளரில் உறைவு கண்ணால் தெரிந்துவிட்ட பிறகு அந்த எண்ணுக்கு அம்மா விஷயத்தில் வேலையே இல்லை, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம்.

எத்தனை மாதம்? ஆபரேஷன் மாதிரி ஒரு பெரிய, கடந்துபோன காரணத்தால் வந்த உறைவுக்கு மூன்று மாதம். இதில் மருத்துவ உலகத்தில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நிறுத்திய பிறகு மறுபடி வரும் வாய்ப்பு முதல் வருடத்தில் 100க்கு ஒருவர் அளவுதான். காரணமே இல்லாமல் சும்மா இருந்தவருக்கு வந்த உறைவு வேறு ஜாதி. அவர்கள் மருந்தை நிறுத்தினால் முதல் வருடத்திலேயே 10 பேரில் ஒருவருக்கு, ஐந்து வருடத்தில் நாலில் ஒருவருக்கு மறுபடி வருகிறது, அதனால் பலருக்கு ஆறு மாதத்துக்கு மேல் குறைந்த அளவில் தொடரச் சொல்கிறோம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 'என் மச்சானுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை' என்றாரே, அவர் இந்த வகையாக இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டும்: எடுத்த கர்ப்பப்பையின் பயாப்சி ரிப்போர்ட் வந்துவிட்டதா, யாராவது படித்தார்களா? பைப்ராய்டு என்று நினைத்து எடுத்ததில் எப்போதாவது புற்றுநோய் தெரியவரும், மிகச் சிலருக்கு. அப்படி இருந்தால் மருந்தின் கால அளவே மாறிவிடும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் அந்தக் காகிதத்தை வாங்கிப் பைலில் வையுங்கள்.

மூன்று மாத முடிவில் டாப்ளர் எடுத்தால் 'பகுதி அடைப்பு இன்னும் உள்ளது' என்று வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அப்படி வரும். அது பழைய உறைவின் தழும்பு, அதை மட்டும் வைத்து மருந்தை நீட்ட வேண்டியதில்லை. அந்த ஸ்கேன் பின்னாளில் ஒப்பிட உதவும்: அடுத்த வருடம் அதே கால் வீங்கினால் பழசா புதுசா என்று பிரிக்க அது ஒன்றுதான் ஆதாரம்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலும் உறுதியானவை. இனி உறுதி குறைந்தவை. இறுக்கமான கம்ப்ரஷன் காலுறை போட்டால் பின்னாளில் வரும் கால் வீக்கம், கணுக்காலுக்கு மேல் கருமை, ஆறாத புண் இவற்றைத் தடுக்கலாம் என்று ரொம்ப காலம் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தோம். 2014இல் வெளியான, சுமார் 800 பேரிடம் நடந்த ஆய்வில், நிஜக் காலுறை போட்டவர்களுக்கும் அழுத்தமில்லாத போலிக் காலுறை போட்டவர்களுக்கும் இரண்டு வருடத்தில் வித்தியாசமே இல்லை. அதற்கு முன் வந்த சின்ன ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்லியிருந்தன. என் கருத்து: போட்டால் அம்மாவுக்குக் கால் லேசாக இருந்தால் போடட்டும், இந்த வெயிலில் எரிச்சலாக இருந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். சர்க்கரை நோயால் காலின் தமனியில் அடைப்பு இருப்பவர்கள் மட்டும் டாக்டர் பார்க்காமல் போடக் கூடாது. வீக்கம், கருமை, புண் என்ற அந்தப் பின்விளைவு 100 பேரில் 20 முதல் 50 பேருக்கு ஏதோ ஒரு அளவில் வருகிறது, பெரும்பாலும் லேசாக. எடையைக் குறைப்பதும் நடப்பதும் உதவுகின்றன.

குழாய் விட்டு உறைவைக் கரைப்பது, உறிஞ்சி எடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள், உறவினர் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரியில் அதைச் செய்கிறார்கள் என்றாராம். 2017இல் சுமார் 690 பேரிடம் நடந்த ஆய்வில் அதைச் செய்ததால் பின்விளைவுகள் மொத்தத்தில் குறையவில்லை, ரத்தக்கசிவு கூடியது. இடுப்புச் சிரை வரை அடைத்து, கால் மோசமாக இருக்கிற இளம் வயதினருக்குப் பயன் உண்டா என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. கால் நீலமாகிவிட்டால் மறுபேச்சில்லை, செய்ய வேண்டும். ஆபரேஷன் ஆகி மூன்றே வாரமான அம்மாவுக்கு உறைவைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும், அதனால் உங்கள் டாக்டர் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தது எனக்குச் சரியாகவே படுகிறது. வயிற்றுச் சிரையில் வைக்கிற வடிகட்டியும் அப்படித்தான், உறைவுத்தடுப்பு மருந்தே கொடுக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கானது.

கடைசியாக உங்கள் தங்கை. பரம்பரைக் குறையா, நாங்களும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ரத்தம் அதிகம் உறையாமல் தடுக்கிற புரோட்டீன் சி, எஸ், ஆன்டித்ராம்பின் போன்ற புரதங்களை அளக்கும் டெஸ்டுகளைப் பேக்கேஜாக விற்கிறார்கள். உறைவு வந்த புதிதில், மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் அவற்றில் பல தவறான அளவைக் காட்டும், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லிவிடும். 56 வயதில், பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வந்த முதல் உறைவுக்கு அம்மாவுக்கே அது தேவையில்லை, உங்கள் இருவருக்கும் தேவையில்லை. 50 வயதுக்கு முன்னால் காரணமில்லாமல் வந்தது, குடும்பத்தில் பலருக்கு வந்தது, திரும்பத் திரும்பக் கரு கலைவது, இப்படி ஏதாவது இருந்தால் கதை வேறு. தங்கைக்குத் திருமணமாகிக் கருத்தடை மாத்திரை கேட்கப் போனாலோ கர்ப்பமானாலோ, 'எங்கள் அம்மாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ஆழ்சிரை உறைவு வந்தது' என்று டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லட்டும். 'ரத்தக்கட்டு' என்று சொல்ல வேண்டாம், கேட்கிறவர் எங்கேயோ விழுந்து அடிபட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.